டிராயர் மாஸ்டரும் ஒரு மில்லிமீட்டரும்

ஆயில் அண்ணனுக்கு அவசரம் என்றாலே ஆகாது. சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷமாகத் தையல் மெஷின் மெக்கானிக். முந்நூறு மெஷின்கள் ஒரே கூரையின் கீழ் கடகடக்கும் அந்த ஹாலில், மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு அவர் நடந்து வருவதைப் பார்த்தால், வேலைக்கு வந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காற்று வாங்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். சூப்பர்வைசர், காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஓடிவந்து, லைன் நிற்கிறது என்று கத்துவார். அண்ணன் மெஷினின் தலையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அதை ஓட்டச் சொல்லிக் கேட்பார். கால் நிமிஷம். அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். திறந்த இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன மெஷினில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். என்ன கோளாறு, யாரால் என்று அதில் எழுத வேண்டும். "யாரால்" என்ற கட்டத்தில் மற்ற மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிற பெண்ணின் நம்பரைப் போட்டுவிடுவார்கள். அவள் எங்கே வந்து வாதாடப் போகிறாள்? ஒரு தடவை ஒரு கட்டு காலர் முழுக்கத் தையல் விட்டு விட்டு விழுந்து வீணாகிவிட்டது. தைத்தவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண். அவளை வீட்டுக்கு அனுப்பக் கடிதம்கூடத் தயாராகிவிட்டது. அண்ணன் மெஷினைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் அவரே பூட்டிய, நூலைக் கவ்வும் கொக்கி மயிரிழை தள்ளி நின்றது. அவருக்கு மட்டுமே தெரியக்கூடிய கோளாறு. அட்டையை எடுத்து, "கொக்கி தவறாகப் பூட்டப்பட்டது. பூட்டியது நான்" என்று எழுதித் தொங்கவிட்டார். மானேஜர் கூப்பிட்டு, "தேய்மானம்னு எழுதிட்டுப் போங்களேன், யாருக்கும் வம்பில்லை" என்றார். அண்ணன் அசையவில்லை. அந்த வருஷம் வரவேண்டிய தலைமை மெக்கானிக் பதவி வராமலே போனது. அந்தப் பெண் இன்று ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். அவரைக் கண்டால் எழுந்து நிற்பாள். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு அண்ணன் அந்த லைனைச் சுற்றிக்கொண்டு போவார்.

இந்த மனுஷருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கிறுக்கு கிட்டார். வாசிக்க ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. "கிட்டாரைக் கையில கொடுத்தா எங்க எண்ணெய் விடறதுன்னு தேடுவாரு" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. ஆனால் கேட்பார். கேட்பதென்றால் மெஷினைக் கேட்பது மாதிரி, கண்ணை மூடி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடி அறையில் ஐந்து பேர் கூடுவார்கள். கடைக்காரர், பல் டாக்டர், கிட்டார் கற்றுக்கொடுக்கும் வாத்தியார், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், ஐந்தாவதாக நம் அண்ணன். சுவர் ஓரமாகக் காலி ஃபிரேம் பெட்டிகள் அடுக்கியிருக்கும். எதிர்ச் சுவரில், மேலே பெரிசாகத் தொடங்கிக் கீழே எறும்பாகிவிடும் எழுத்துகளோடு பழைய கண் சோதனை அட்டை. நடுவில் பழைய கண் சோதனை நாற்காலி. உயரமாக, தோல் மெத்தையோடு, சுற்றிச் சுழலக்கூடியது. அந்த நாற்காலியில்தான் சண்டையெல்லாம்.

ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கிட்டார் கலைஞர். அவர்தான் உலகத்திலேயே சிறந்தவர் என்று வருஷம் முழுக்கக் கட்சி கட்டிப் பேச வேண்டும். வருஷ முடிவில் ஒரு ஞாயிறு ஓட்டெடுப்பு. சொந்த ஆளுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. மூன்று கை உயர்ந்தால் வெற்றி. ஜெயித்த கலைஞர் எங்கோ தன் பாட்டுக்கு இருப்பார். அவருக்காக வாதாடியவர் அடுத்த வருஷம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுழலலாம். இதற்காக வளர்ந்த மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

பல் டாக்டரின் ஆள் புயல். ஒரு நொடிக்குப் பதினான்கு ஸ்வரம் என்று டாக்டர் கடிகாரம் வைத்து எண்ணிச் சொல்வார். கடைக்காரரின் ஆள் ஒரு கம்பி அறுந்த கிட்டாரில் கடைசிவரை ஐந்து கம்பியோடே வாசித்துத் தீர்த்த கிழவர். நர்ஸின் ஆள் பாடிக்கொண்டே வாசிப்பவர். வாத்தியார் வருஷத்துக்கு ஒரு ஆளை மாற்றுவார். அதனால் அவர் கட்சியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அண்ணனின் ஆளுக்குத்தான் பெயரே கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கழித்துக் கட்டிய மெஷின்களை இன்னொரு இடத்திலிருந்து தொழிற்சாலைக்கு வாங்கி வந்தார்கள். அதில் ஒன்றின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் ஒரு கேசட் கிடந்தது. மேலே பேனாவால் "கிட்டார் — 6" என்று மட்டும் எழுதியிருந்தது. விற்றவர்களுக்குத் தெரியவில்லை, யாரும் தேடி வரவுமில்லை. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாடியேறினார். அங்கே இருந்த டேப் டெக் ஓடவில்லை. மற்ற எல்லாரும் போனுக்கு மாறிவிட்டிருந்ததால் அதை யாரும் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது. மோட்டாரின் முனையில் பெல்ட்டைச் சுழற்றும் சின்னப் பிளாஸ்டிக் சக்கரமான புல்லி இரண்டாகப் பிளந்திருந்தது. அண்ணன் டெக்கை வீட்டுக்குத் தூக்கிப் போனார், பித்தளையில் புதுப் புல்லி கடைந்து மாட்டினார், அடுத்த ஞாயிறு போட்டுக் காட்டினார்.

ஆறு துண்டு இசை. பாட்டில்லை, வேறு வாத்தியமில்லை. ஆழமான, கனத்த நாதம். ஒவ்வொரு ஸ்வரமும் உட்கார இடம் பார்த்து உட்கார்ந்தது. மூன்றாவது துண்டில் கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வரும். ஒரு முழு மூச்சு இழுத்து விடலாம். ஆறாவது முடிந்ததும் கனத்த குரலில், "சரியா வந்துச்சா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அந்த மாதிரிக் குரலில் கேட்டால் பதில் எதிர்பார்த்துக் கேட்பதாகத் தோன்றாது. பதில் தெரிந்தே கேட்கிற பெரிய மனுஷரின் குரல். அன்றோடு அண்ணன் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் அந்தக் கலைஞருக்கு "டிராயர் மாஸ்டர்" என்று பெயர் வைத்தார். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் நிலைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அண்ணன் ஒரே வாதத்தைத்தான் வைத்தார்: வேகம் யாருக்கும் வரும், காத்திருக்கத் தெரிந்தவன்தான் கலைஞன். டாக்டர் எகிறுவார். அண்ணன் ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்த மூணாவதைப் போடுங்க டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு வருஷம் கடைக்காரர் தன் பழைய கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அழுது வடிந்தது. நாடா பழசாகிவிட்டது என்று எல்லாருமாகத் தீர்மானித்து அதைக் குப்பையில் போட்டார்கள். இன்னொரு தடவை நர்ஸ், அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் யாரோ பயந்துபோய்க் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் பயந்தவர்களையே பார்த்துப் பழகிவிட்டீர்கள் என்று அண்ணனே சிரித்துத் தள்ளிவிட்டார். வாத்தியார் அந்த நாதத்தைப் பிடிக்கத் தடித்த கம்பிகளாகத் தேடி வாங்கி, சுருதியை இறக்கி இறக்கிக் கட்டினார். மாஸ்டரின் ரகசியம் தாழ்ந்த சுருதி என்று மாணவர்களுக்குப் பாடமே எடுத்தார்.

ஒரு வருஷம்கூட மூன்று கை உயரவில்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இந்த வருஷம்தான் காற்று திரும்பியது. வாத்தியார் சொல்லிவிட்டார், நர்ஸும் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு கை. பன்னிரண்டு வருஷ ஸ்டூலில் முதுகு வலித்தவருக்கு அந்தத் தோல் நாற்காலி கனவில்கூட வந்தது. சின்ன ஆசைதான். ஆனால் மனுஷருக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

ஓட்டெடுப்புக்கு முந்தின திங்கட்கிழமை மனைவி பட்டன் டப்பாவைக் கொட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. அண்ணன் எதையும் எறிகிற ஜாதி இல்லை; எடுத்த பாகத்தையெல்லாம் மடித்து, மேலே எழுதி வைத்துவிடுவார். பிரித்தார். இரண்டு பாதியாக உடைந்த பிளாஸ்டிக் புல்லி. காகிதத்தில் அவருடைய கையெழுத்திலேயே: "டேப் டெக் பழைய புல்லி. புதுசு: 7 மி.மீ."

கை சும்மா இருக்காமல் இரண்டு பாதியையும் ஒட்டிப் பிடித்து வெர்னியர் காலிப்பரின் தாடையில் வைத்து அளந்தார். எட்டு.

இன்னொரு தடவை வைத்தார். எட்டுதான்.

புல்லி கடைந்த அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. காலிப்பரைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். விடிந்தால் ஞாயிறு, கேசட்டைக் கேட்டே ஆக வேண்டும். உடைந்த துண்டைச் சுற்றி நூலை ஓட்டி, நூலை ஸ்கேலில் நீட்டிக் கணக்குப் போட்டு, தெரிந்தவர் பட்டறையில் கடைந்துவிட்டார். பிளவில் நூல் உள்ளே இறங்கியிருக்கும். சின்னப் புல்லி என்றால் டேப் மெதுவாக ஓடும். ஏழு நிமிஷத்தில் ஓடி முடிய வேண்டியது எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த ஆழம், அந்தக் கனம், அந்த நிதானம் எல்லாம் மாஸ்டருடையது இல்லை, பித்தளையுடையது. அவசரமே ஆகாத மனுஷர் ஆயுளில் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். அந்த அவசரத்தில் பிறந்ததுதான் பன்னிரண்டு வருஷமாக அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய நிதானம்.

அண்ணன் ஒன்றும் தேவதூதர் இல்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் சரியாக எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு புல்லியைக் கடைந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓட்டு முடியட்டும், அப்புறம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். ஒரு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டே மாற்றினால்தான் என்ன என்றும் நினைத்தார். நினைத்தவர்தான், அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

புதன்கிழமை பல் டாக்டர் போன் செய்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

"மெக்கானிக் சார், இந்தத் தடவை என் ஓட்டு உங்களுக்குத்தான். நானே சொல்லிடலாம்னு போன் பண்ணேன். உங்க டிராயர் மாஸ்டரைக் கேட்டுக் கேட்டு என் கை மாறிடுச்சு. முன்னெல்லாம் ஊசியைப் போட்டதும் பல்லுல கையை வெச்சுடுவேன். இப்ப நிக்கிறேன். அந்த மூணாவது துண்டுல அவரு நிக்கிற மாதிரி. குழந்தைங்க அழறதில்லை சார் இப்ப."

அண்ணன் நன்றி என்றோ என்னவோ முனகிவிட்டு வைத்தார். மூன்றாவது கை கிடைத்துவிட்டது. கிடைத்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, அதை வைத்துக்கொள்ள முடியாது என்று. பொய்யான கையென்றால் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கலாம். இது உண்மையான கை.

மனைவியிடம் சொன்னார். அவர் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். அப்படியானால் இத்தனை வருஷம் கேட்டது பொய்யா என்று அண்ணன் தன்னையே கேட்டுக்கொண்டபோதுதான் மனைவி நிமிர்ந்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க எப்படியும் சிவப்பு அட்டையை எடுத்துக்கிட்டுத்தான் போகப்போறீங்க. மூணு நாளா எதுக்குச் சோறு இறங்காம இருக்கீங்க? போறப்ப அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை நீலச் சட்டையோடு மாடியேறினார். நால்வரும் முன்பே வந்திருந்தார்கள். கடைக்காரர் நாற்காலியின் தோலைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். போன வருஷம் ஜெயித்த டாக்டர் அதிலிருந்து இறங்கி, ஃபிரேம் பெட்டி மேல் உட்கார்ந்து, வேண்டுமென்றே அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். யாரும் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் டேப் டெக்கின் அருகில் போய், பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து, அதன் வால்யூம் குமிழில் கட்டித் தொங்கவிட்டார்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "வேகம் குறைவு. புல்லி ஒரு மில்லிமீட்டர் சிறிது. பன்னிரண்டு வருஷமாக. செய்தது நான்."

அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். நூலில் அளந்ததைச் சொன்னார், செவ்வாய்க்கிழமை மறைக்க நினைத்ததையும் சேர்த்துச் சொன்னார். இந்த வருஷம் தன் ஆளை ஓட்டெடுப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். முதலில் வாத்தியாருக்குத்தான் உறைத்தது.

"அப்ப அந்தத் தடிக் கம்பி? பசங்க கம்பி தொளதொளன்னு இருக்கு சார், கம்பி தொளதொளன்னு இருக்கு சார்னு ரெண்டு வருஷமா அழுதாங்களே."

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. டெக்கைக் கவிழ்த்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினார். பித்தளைப் புல்லியை எடுத்தார், புதியதை மாட்டினார், பெல்ட்டை ஏற்றினார், கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பத்து நிமிஷ வேலை. கேசட்டைப் போட்டுவிட்டு ஸ்டூலுக்குக்கூடப் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய மனுஷர் இருந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாதம் மெலிந்து பளிச்சென்றிருந்தது. ஸ்வரங்கள் உட்காரவில்லை, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டு ஓடின. முதல் துண்டு முடிவதற்குள் டாக்டரின் புருவம் மேலே போனது. இரண்டாவதில் பழக்கதோஷத்தில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "மெக்கானிக் சார், உங்க ஆளு என் கட்சி" என்றார். சொன்னது மெதுவாகத்தான். கேலி என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வந்தது. அண்ணன் கண்ணை மூடினார். இனி எதுவும் மிஞ்சாது என்று நினைத்துக்கொண்டுதான் மூடினார். அந்த நிறுத்தம் வந்தது. பழைய நீளம் இல்லை. ஆனால் வந்தது. இத்தனை வருஷம் அதைப் பெருந்தன்மை என்று கேட்டவருக்கு இப்போதுதான் உள்ளே இருப்பது கேட்டது. விரல் எட்டாத தூரத்தில் ஒரு ஸ்வரம் இருக்கிறது. கை அங்கே போக வேண்டும். தவறிவிடுமோ என்று ஒரு கணம் நிற்கிறது. நின்று, துணிந்து, பாய்ந்து பிடிக்கிறது. மெஷின் தலையில் கை வைத்துப் பார்த்தது போல அவருக்கு அது தெரிந்தது. காத்திருந்தது உண்மைதான், ஆனால் பயந்து காத்திருந்தது. பெருந்தன்மையைவிட அது பெரிசு என்று அவருக்குப் பட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நிக்குது பாருங்க" என்றார் டாக்டர். "இப்பவும் நிக்குது."

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது துண்டுகளும் ஓடி முடிந்தன. கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கியது. நாடா சரசரத்தது. அந்தக் கேள்விக்காக ஐந்து பேரும் எப்போதும்போலக் காத்திருந்தார்கள்.

"சரியா வந்துச்சா?"

ஒரு பெண்ணின் குரல். இளம் பெண், இருபது வயதுகூட இருக்காது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த யாரிடமோ கேட்கிறாள். பதில் தெரிந்து கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், தெரிந்துகொள்ளத் தவித்துப்போய்க் கேட்கிறாள். அங்கே இருந்தவர் பதில் சொல்வதற்குள் யாரோ ரெக்கார்டரை நிறுத்திவிட்டார்கள்.

நர்ஸ் அண்ணனைப் பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கையை உயர்த்தினார். வாத்தியார் உயர்த்தினார். கடைக்காரர், பாதி அழுத முகத்தோடு, துடைக்கும் துணி பிடித்த கையையே உயர்த்தினார். டாக்டர் பெட்டியிலிருந்து எழுந்து நின்று, இரண்டு கையையும் உயர்த்தினார்.

அண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே ஸ்பீக்கர் பக்கம் நன்றாகத் திரும்பி, எதிரில் ஆள் இருப்பது போலத் தலையை ஆட்டினார்.

"வந்துச்சும்மா" என்றார். "ரொம்பச் சரியா வந்துச்சு. எங்களுக்குத்தான் கேக்க லேட்டாயிடுச்சு."